நான்கு எண்களில் எது எங்கள் செயலியின் அளவு? ஜாவாஸ்கிரிப்ட் பண்டிலைப் பிரித்துப் பார்ப்பது பற்றி

கேள்வி · மார்ச் 3, காலை 10.40

எங்கள் ரியாக்ட் செயலியை வெப்பேக் 5 கொண்டு கட்டுகிறோம் (எல்லா நிரல் கோப்புகளையும் பண்டில் என்ற தொகுப்பாக இணைப்பது அதுவே); மொழி டைப்ஸ்கிரிப்ட். பில்ட் முடிந்தபின் டிஸ்ட் கோப்புறையின் அளவு 6.2 மெகாபைட். பண்டில் அனலைசர் வரைந்து காட்டும் படத்தில் மொத்தம் 1.6 மெகாபைட், அதே படத்தில் ஜிஸிப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 440 கிலோபைட். உலாவியில் முதல் பக்கத்தைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை மட்டும் கூட்டினால் 520 கிலோபைட். இவற்றில் எது செயலியின் உண்மையான அளவு? தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியை எடுத்துவிட்டால் போதும் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில் · மார்ச் 3, இரவு 9.15

நான்கும் உண்மையான எண்கள்தாம். ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது.

கோப்புறையின் 6.2 மெகாபைட்டை இப்போதே மறந்துவிடலாம். அதில் படங்களும் எழுத்துருக்களும் சோர்ஸ் மேப் கோப்புகளும் சேர்ந்திருக்கின்றன. பிழை தேடுவதற்காக, உருமாறிய நிரலை மூல நிரலோடு பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் பெரும்பாலும் மூலக் கோப்பைவிடப் பெரியதாக இருக்கும். ஆனால் டெவ்டூல்ஸ் (உலாவியின் நிரலாளர் கருவிகள்) திறந்திருந்தாலொழிய உலாவி அதைத் தரவிறக்குவதில்லை.

அனலைசர் மூன்று அளவுகளைத் தருகிறது. ஸ்டாட் என்பது மினிஃபை செய்வதற்கு (இடைவெளிகளை நீக்கி, பெயர்களைக் குறுக்குவதற்கு) முன்னால் மாட்யூல்கள், அதாவது தனித்தனி நிரல் கோப்புகள், இருந்த அளவு. பார்ஸ்டு என்பது மினிஃபை ஆனபின் வெளிவந்த கோப்பில் அவை பிடிக்கும் இடம், உங்கள் 1.6 மெகாபைட் இதுதான் என்று எண்ணுகிறேன். ஜிஸிப் என்பது அந்தக் கோப்பைச் சுருக்கினால் வரக்கூடிய அளவு.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. சுருக்கிய அளவு, கோப்பு கம்பியில் வந்து சேரும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பார்ஸ்டு அளவு, வந்து சேர்ந்தபின் உலாவி அதைப் படித்து, தொகுத்து, ஓட்டுவதற்குச் செலவிடும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. விலை குறைந்த கைப்பேசிகளில் இந்த இரண்டாவது செலவு முதலாவதை மிஞ்சிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே அளவுள்ள படத்தோடு ஜாவாஸ்கிரிப்டை ஒப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே: படத்தை விரித்துத் திரையில் வரைந்தால் வேலை முடிந்தது, ஜாவாஸ்கிரிப்டோ வந்தபிறகுதான் வேலையையே தொடங்குகிறது.

தொடங்கும் இடத்தைக் கேட்டீர்கள். அனலைசர் வரையும் படத்தில் ஒவ்வொரு மாட்யூலும் ஒரு பெட்டி; மிகப் பெரிய பெட்டி எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள்.

மார்ச் 4, காலை 7.30

நேற்று ஒன்றை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: அளந்தது புரொடக்ஷன் பில்ட்தானா?

ஒரு நிறுவனத்தில் இரண்டு நாட்கள் முழுவதும் டெவலப்மென்ட் பில்டை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் குறைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பில்டில் மினிஃபை நடப்பதில்லை, பயன்படாத ஏற்றுமதிகள் நீக்கப்படுவதில்லை, ரியாக்டின் எச்சரிக்கைச் செய்திகள் முழுமையாக உள்ளே இருக்கும். நாங்கள் நீக்கியவற்றில் பாதி, புரொடக்ஷனில் ஏற்கெனவே இல்லாதவை. எந்த அமைப்பில் கட்டிய கோப்பு என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

மார்ச் 4, இரவு 10.05

ஜிஸிப் எண்ணைப் பற்றி இன்னும் சற்று விரிவாக எழுத வேண்டும். படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே ஜிஸிப் அளவு வருவதால், அவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம் என்ற நினைப்பு எளிதில் வந்துவிடுகிறது.

ஜிஸிப்பின் உள்ளே இருப்பது டிஃப்ளேட் என்னும் முறை. அது தான் கடந்து வந்த கடைசி 32 கிலோபைட்டை நினைவில் வைத்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே வந்த சொற்றொடர் மறுபடி வந்தால் அதை முழுமையாக எழுதாமல், இத்தனை எழுத்துக்குப் பின்னால் போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள் என்று குறிப்பு மட்டும் எழுதுகிறது. ஆகவே ஒரு மாட்யூல் எவ்வளவு சுருங்கும் என்பது அதன் அக்கம்பக்கத்தில் எவை இருக்கின்றன என்பதைச் சார்ந்தது. தனியாகச் சுருக்கினால் 12 கிலோபைட் வரும் மாட்யூல், தன்னைப் போன்ற நான்கு மாட்யூல்களுக்கு நடுவே இருந்தால் 7 கிலோபைட் மட்டுமே சேர்க்கக் கூடும். அதை நீக்கியபின் 12 குறையவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. நீக்குவதற்கு முன்னும் பின்னும் பில்ட் செய்து முழுக் கோப்பையும் சுருக்கி அளப்பது ஒன்றே நம்பத்தக்க வழி.

ப்ராட்லி என்பது இன்னொரு சுருக்க முறை; அது நினைவில் வைத்துக்கொள்ளும் சாளரம் 16 மெகாபைட் வரை விரியும். சுமார் 120 கிலோபைட் அளவுள்ள ஓர் அகராதியும் அதனுடனேயே வருகிறது. அதனால் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளில் அது ஜிஸிப்பை வெல்வது இயல்பு. உலாவிகள் பொதுவாக எச்டிடிபிஎஸ் வழியில்தான் ப்ராட்லியைக் கேட்கின்றன என்பதால், சாதாரண எச்டிடிபி முகவரியில் சோதிக்கும்போது அது தென்படாமல் போகலாம்.

கேட்டவர் · மார்ச் 6, காலை 11.20

புரொடக்ஷன் பில்ட்தான், உறுதி செய்துவிட்டேன். மிகப் பெரிய பெட்டி மொமென்ட்தான். அதற்குள் லோகேல் என்ற பெயரில் ஏராளமான சிறு பெட்டிகள் இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்துவது இரண்டு மொழிகள் மட்டுமே.

மார்ச் 6, இரவு 8.50

மொமென்ட் தன் மொழிக் கோப்பை ஓடும் நேரத்தில் பெயரைக் கொண்டு அழைக்கிறது: லோகேல் கோப்புறையின் பாதையோடு ஒரு மாறியின் மதிப்பை ஒட்டி ரிக்வயர் செய்கிறது. அந்த மாறியில் எந்த மொழி வரும் என்று பில்ட் நேரத்தில் வெப்பேக்கால் அறிய முடியாது. எதுவும் வரலாம் என்று கொண்டு, அந்தக் கோப்புறையில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மொழிக் கோப்புகளையும் உள்ளே எடுத்துவிடுகிறது. எல்லா மொழிகளோடும் சேர்த்து ஜிஸிப்பில் ஏறத்தாழ 70 கிலோபைட் ஆகும் மொமென்ட், மொழிகள் இல்லாமல் 18 கிலோபைட் அளவில் நின்றுவிடும். வெப்பேக்கின் கான்டெக்ஸ்ட் ரீபிளேஸ்மென்ட் பிளகினில் உங்கள் இரு மொழிகளின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

லைப்ரரியையே மாற்றுவது வேறு முடிவு. புதிய திட்டங்களுக்கு மொமென்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அதன் பராமரிப்பாளர்களே 2020-இல் அறிவித்தார்கள். அளவு மட்டுமல்லாமல், அதன் தேதிப் பொருள்கள் அதே இடத்தில் மாற்றப்படக் கூடியவையாக இருப்பதும் ஒரு காரணம். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். ஒருமுறை நான் மூன்று வாரம் செலவிட்டு எங்கள் நிரல் முழுவதிலும் மொமென்ட்டை நீக்கி, டேஜேஎஸ் என்ற சிறிய தேதி லைப்ரரியைக் கொண்டு எழுதினேன். மறுபடி படத்தை வரைந்தபோது டேஜேஎஸ் சிறு பெட்டியாக வந்திருந்தது. மொமென்ட்டும் அதே பெரிய பெட்டியாக அங்கேயே இருந்தது. நாங்கள் பயன்படுத்திய ஒரு வரைபட லைப்ரரி அதைத் தன் தேவைக்காக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று வார உழைப்பின் பலனாகப் பண்டில் 2 கிலோபைட் கூடியிருந்தது.

மார்ச் 7, காலை 6.45

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, மார்ச் 3 அன்று நான் சொன்ன ஆலோசனை தவறு என்று தெரிகிறது. மிகப் பெரிய பெட்டியிலிருந்து தொடங்குங்கள் என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படம் காட்டும். அது ஏன் இருக்கிறது, யார் அழைத்ததால் வந்தது, எந்தப் பக்கத்தைத் திறக்கும்போது தேவைப்படுகிறது என்ற மூன்றையும் படம் சொல்வதில்லை. பெட்டியின் பரப்பைப் பார்த்து முடிவெடுப்பது, வீட்டில் இடத்தை அடைக்கும் பொருள் எதுவென்று பார்த்து, யாருடையது என்று கேட்காமலே அதைத் தூக்கி வெளியே வைப்பது போன்றது. மூன்று வாரங்களை நான் இழந்தது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

யார் அழைத்தார்கள் என்பதை அறிய வழிகள் உண்டு. என்பிஎம் எல்எஸ் என்ற கட்டளையோடு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், எந்தெந்தச் சார்புகள் வழியாக அது நிறுவப்பட்டது என்ற மரம் கிடைக்கும். இது நிறுவலைப் பற்றிய செய்தி. பண்டிலைப் பற்றியது அன்று. பண்டிலைப் பற்றி அறிய, வெப்பேக்கிடம் ஸ்டாட்ஸ் ஜேசன் கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் அந்த மாட்யூலின் கீழ் வரும் ரீசன்ஸ் பட்டியலைப் படிக்க வேண்டும். எந்தக் கோப்பின் எந்த வரியில் இருந்த இம்போர்ட்டால் அது வந்தது என்று அங்கே எழுதியிருக்கும். படிப்பதற்கு இனிமையான கோப்பு இல்லைதான். ஆனால் ஏன் என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. வெப்பேக்குக்குப் பதிலாக ஈஎஸ்பில்ட் பயன்படுத்துவோருக்கு அனலைஸ் கட்டளையின் விரிவான வடிவமே இம்போர்ட் சங்கிலியை அச்சிட்டுத் தந்துவிடும்.

எப்போது தேவைப்படுகிறது என்பதற்கு, அனலைசரின் பக்கப்பட்டியில் சங்க்குகளை (பண்டில் பிரிக்கப்பட்ட தனித்தனிக் கோப்புகளை) தேர்ந்தெடுக்கும் பகுதியைத் திறந்து, முதல் பக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் அறிக்கைப் பக்கத்தின் சங்க்கில் 300 கிலோபைட் கிடப்பதைவிட, எல்லோரும் முதலில் திறக்கும் பக்கத்தில் 30 கிலோபைட் தேவையின்றி இருப்பதே எனக்கு அதிகக் கவலை தரும்.

கேட்டவர் · மார்ச் 9, பிற்பகல் 2.10

லோகேல்களை வடிகட்டிவிட்டேன், ஜிஸிப் 440-இலிருந்து 390 ஆனது. பக்கப்பட்டியில் அணைப்பதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு சங்க் மட்டும் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கங்கள் எல்லாவற்றையும் ரியாக்ட் லேசி கொண்டு, டைனமிக் இம்போர்ட்டாகத்தான் (தேவைப்படும்போது மட்டும் தரவிறங்கும்படி) எழுதியிருக்கிறோம்.

மார்ச் 9, இரவு 11.30

உங்கள் முதல் கேள்வியிலேயே இதற்கான தடயம் இருந்தது, நான் தவறவிட்டேன். எல்லாச் சங்க்குகளும் சேர்ந்த மொத்தம் ஜிஸிப்பில் 440. முதல் பக்கத்தை மட்டும் திறந்தபோது உலாவி வாங்கியது 520. பக்கங்கள் உண்மையிலேயே பிரிக்கப்பட்டிருந்தால் முதல் பக்கத்தின் எண் மொத்தத்தில் ஒரு பகுதியாக இருந்திருக்க வேண்டும். முழுச் செயலியும் முதல் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் அன்றே சொல்லிவிட்டன. மொத்தத்தைவிட 80 கூடுதலாக இருப்பது ஏன் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

டைப்ஸ்கிரிப்டின் அமைப்புகள் உள்ள டிஎஸ்கான்ஃபிக் கோப்பைத் திறந்து, மாட்யூல் என்ற அமைப்பின் மதிப்பு என்னவென்று பாருங்கள். காமன்ஜேஎஸ் (ரிக்வயர் கொண்டு மாட்யூல்களை அழைக்கும் பழைய முறை) என்று இருக்கும் என்பது என் ஊகம்.

அப்படி இருந்தால் நடப்பது இதுதான். உங்கள் நிரலை வெப்பேக் பார்ப்பதற்கு முன்னால் டைப்ஸ்கிரிப்ட் பார்க்கிறது. இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகள் எல்லாவற்றையும் அது ரிக்வயர் அழைப்புகளாக மாற்றி எழுதிவிட்டு, அந்த மாறிய நிரலை வெப்பேக்கிடம் கொடுக்கிறது. இதனால் இரண்டு இழப்புகள். ஈஎஸ் மாட்யூலின் இம்போர்ட் எதை வேண்டுகிறது, எக்ஸ்போர்ட் எதைத் தருகிறது என்பதை நிரலை ஓட்டாமல் படித்தே அறியலாம். ட்ரீ ஷேக்கிங், அதாவது பயன்படாத நிரலை உதிர்ப்பது, முழுவதும் அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. ரிக்வயர் ஒரு சாதாரணச் செயற்கூற்று அழைப்பு. அது திருப்பித் தரும் பொருளில் எந்தப் பண்பு எப்போது தொடப்படும் என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதால், வெப்பேக் பெரும்பாலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறது. இது முதல் இழப்பு.

இரண்டாவது இழப்பு உங்கள் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துவது. டைனமிக் இம்போர்ட்டையும் டைப்ஸ்கிரிப்ட் விட்டுவைப்பதில்லை. உடனே நிறைவேறும் ஒரு பிராமிஸை உண்டாக்கி, அதன் ‘then’ அழைப்புக்குள் சாதாரண ரிக்வயரை எழுதுகிறது. எழுதியவர் பார்வையில் நடத்தை மாறவில்லை: பிராமிஸ் வருகிறது, மாட்யூல் கிடைக்கிறது, ரியாக்ட் லேசி சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் வெப்பேக்கின் கண்ணுக்கு அங்கே இருப்பது ஒரு ரிக்வயர் மட்டுமே. சங்க்கைப் பிரிப்பதற்கான குறி அழிந்துவிட்டது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. செயலி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்; அளவு மட்டும் ஒரே கட்டியாக நிற்கும்.

இந்த அமைப்பை யாரும் வேண்டுமென்று தவறாக வைப்பதில்லை. சோதனைகள் நோடில் ஓடுகின்றன, அங்கே காமன்ஜேஎஸ் இருந்தால் வசதி என்று யாரோ ஒருவர் ஒருநாள் மாற்றியிருப்பார், சோதனைகள் பச்சையாகியிருக்கும், அந்த மாற்றம் பண்டிலைத் தொடுகிறது என்று எவருக்கும் தோன்றியிருக்காது. மாட்யூல் என்பதை ஈஎஸ்நெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். சோதனைகளுக்குத் தனியாக ஒரு டிஎஸ்கான்ஃபிக் வைத்துக்கொள்ளுங்கள். பேபல் பயன்படுத்துவோர் ப்ரீசெட் என்வ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மார்ச் 10, காலை 7.00

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். மாட்யூல் அமைப்பை மட்டும் மாற்றினால், லைப்ரரிகளைக் காணவில்லை என்று டைப்ஸ்கிரிப்ட் நூற்றுக்கணக்கான பிழைகளைக் கொட்டக் கூடும். மாட்யூல் ரெசல்யூஷன் என்பதைத் தனியே குறிப்பிடாதவர்களுக்கு அது பழைய தேடல் முறைக்குப் போய்விடுவதே காரணம். டைப்ஸ்கிரிப்ட் 5.0 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் பண்ட்லர் என்ற மதிப்பையும், அதற்கு முந்தையதாக இருந்தால் நோட் என்ற மதிப்பையும் கொடுங்கள்.

கேட்டவர் · மார்ச் 11, மாலை 5.30

ஊகம் சரி. காமன்ஜேஎஸ் என்றுதான் இருந்தது. மாற்றியபின் 23 சங்க்குகள் வந்துவிட்டன. மொத்தம் 335, முதல் பக்கத்துக்கு மட்டும் 185 கிலோபைட் ஜிஸிப். இணையத்தில் படித்ததை நம்பி பேக்கேஜ் ஜேசன் கோப்பில் சைட் எஃபெக்ட்ஸ் என்பதற்கு ஃபால்ஸ் என்றும் எழுதினேன். அதன்பின் முதல் பக்கம் 150 ஆகக் குறைந்தது, ஆனால் சில பக்கங்களின் வடிவமைப்பு கலைந்துவிட்டது.

மார்ச் 11, இரவு 9.40

கலைந்த பக்கங்களில் சிஎஸ்எஸ் கோப்பை எதற்கும் பெயரிடாமல் வெறுமனே இம்போர்ட் செய்திருப்பீர்கள். சைட் எஃபெக்ட்ஸ் ஃபால்ஸ் என்றால், இந்தத் தொகுப்பில் உள்ள எந்தக் கோப்பிலிருந்தும் எதையும் எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் அந்தக் கோப்பையே தூக்கிவிடலாம் என்று நீங்கள் வெப்பேக்குக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். சிஎஸ்எஸ் இம்போர்ட்டிலிருந்து எந்தப் பெயரும் எடுக்கப்படுவதில்லை. அது உள்ளே வருவதே பக்கவிளைவுக்காகத்தான். வெப்பேக் உங்கள் வாக்கை நம்பி அதைத் தூக்கிவிட்டது. ஃபால்ஸ் என்ற மதிப்புக்குப் பதிலாக ஒரு பட்டியலைக் கொடுத்து, அதில் சிஎஸ்எஸ் கோப்புகளையும், பாலிஃபில்கள் (பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளைச் சேர்க்கும் நிரல்கள்) போல உலகளாவிய நிலையை மாற்றும் கோப்புகளையும் சேருங்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு கோப்பையும் பற்றி வாக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை நினைவில் வைத்து, உயர்மட்டத்திலேயே (எந்தச் செயற்கூற்றுக்கும் உள்ளே இல்லாமல்) எதையாவது பதிவு செய்யும் கோப்புகள் உண்டா என்று தேடிப் பாருங்கள்.

35 கிலோபைட் குறைந்ததற்குச் சிஎஸ்எஸ் மட்டும் காரணமாக இருக்காது. பொதுவான கூறுகள் எல்லாவற்றையும் ஓர் இண்டெக்ஸ் கோப்பிலிருந்து மறு ஏற்றுமதி செய்கிறீர்களா?

கேட்டவர் · மார்ச் 12, காலை 9.15

ஆம். சுமார் 60 கூறுகள் ஒரே இண்டெக்ஸ் வழியாக வருகின்றன. பட்டியல் கொடுத்தபின் வடிவமைப்பு சரியாகிவிட்டது. முதல் பக்கம் 153.

மார்ச் 12, இரவு 8.20

அப்படியானால் 35-இல் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்திருக்கிறது. முதல் பக்கம் ஒரு பொத்தானை மட்டும் கேட்டாலும், இண்டெக்ஸ் கோப்பு மற்ற 59 கூறுகளையும் தொடுகிறது. அவற்றில் ஏதேனும் ஒன்று உயர்மட்டத்தில் ஒரு செயற்கூற்றை அழைத்தாலும், அதை நீக்குவது பாதுகாப்பானதா என்று வெப்பேக்கால் உறுதி செய்ய முடியாமல், அதையும் அது அழைப்பவற்றையும் முதல் சங்க்கிலேயே வைத்துக்கொள்கிறது. தேதித் தெரிவுக் கூறு, உரைத் தொகுப்பான் போன்ற கனமானவை முதல் பக்கத்துக்குள் வந்து சேரும் வழி பெரும்பாலும் இதுதான்.

இண்டெக்ஸ் கோப்புகளையே ஒழிக்க வேண்டும் என்று முன்பு வற்புறுத்தி வந்தேன். இப்போது அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். சிறு கூறுகளுக்கு அவை நல்ல ஒழுங்கைத் தருகின்றன. கனமான மூன்று நான்கு கூறுகளை மட்டும் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, அவற்றின் சொந்தப் பாதையிலிருந்தே இம்போர்ட் செய்வது போதுமானது.

மார்ச் 13, காலை 6.30

உதவிச் செயற்கூறுகளின் லைப்ரரியான லோடாஷின் பெட்டி இன்னும் இருந்தால்: முதன்மையான லோடாஷ் தொகுப்பு காமன்ஜேஎஸ் வடிவில்தான் வெளியாகிறது. அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு பெயரைக் கேட்டு இம்போர்ட் செய்தாலும், ஜிஸிப்பில் ஏறத்தாழ 25 கிலோபைட் முழுவதும் வரும். லோடாஷ் ஈஎஸ் என்ற தனித் தொகுப்புக்கு மாறலாம், அல்லது செயற்கூற்றின் பாதையை நேரடியாகக் கேட்கலாம். இரண்டையும் கலந்தால் ஒரே செயற்கூறு இருமுறை வந்து சேரும்.

ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் சேர்ந்திருக்கின்றனவா என்றும் படத்தின் தேடல் பெட்டியில் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரு பாதைக்குள் நோட் மாட்யூல்ஸ் என்ற சொல் இருமுறை வந்தால் அதுவே அடையாளம்.

மார்ச் 14, இரவு 10.50

கவரேஜ் பகுதியைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். குரோம் 59-இலிருந்து, அதாவது 2017-இலிருந்து, டெவ்டூல்ஸில் அந்தப் பகுதி இருக்கிறது. கோப்பின் எந்தப் பகுதிகள் ஓடின, எவை ஓடவில்லை என்று நிறத்தால் காட்டும். அதில் சிவப்பாக இருப்பதை நீக்கிவிடலாம் என்று எண்ணக் கூடாது. பிழை நேர்ந்தால் மட்டும் ஓடும் நிரல், பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் நிரல் எல்லாமே பக்கம் திறந்தவுடன் சிவப்பாகத்தான் இருக்கும். எதைத் தள்ளிப்போடலாம் என்று ஆராய அது உதவும். எதை வெட்டலாம் என்று தீர்மானிக்க உதவாது. முழு மாட்யூலும் சிவப்பாக இருப்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, ரீசன்ஸ் பட்டியலுக்குத் திரும்பிப் போவதே என் வழக்கம்.

மார்ச் 15, காலை 8.00

பாலிஃபில்கள். எந்த உலாவிகளுக்காகக் கட்டுகிறோம் என்று சொல்லும் உங்கள் ப்ரௌசர்ஸ்லிஸ்ட் அமைப்பில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2022 ஜூன் 15 அன்று நிறுத்திக்கொண்டது. ஆனால் பல திட்டங்களின் அமைப்பில் அந்த வரி மட்டும் தங்கிவிட்டது. அந்த ஒரு வரிக்காக கோர்ஜேஎஸ்ஸின் பாலிஃபில்கள் வரிசையாக வரும். ஆரோ செயற்கூறுகளும் அசிங்க் நிரலும் பழைய வடிவத்துக்கு மாற்றப்பட்டு உங்கள் சொந்த நிரலே பருத்துவிடும்.

கேட்டவர் · மார்ச் 16, மாலை 4.45

எக்ஸ்புளோரர் இருந்தது, நீக்கினேன். இப்போது முதல் பக்கம் அனலைசரில் 131 கிலோபைட் ஜிஸிப். நெட்வொர்க் பகுதியில் 155 வருகிறது. அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன் என்றீர்களே?

மார்ச் 16, இரவு 9.30

440-க்கு 520, 131-க்கு 155. இரண்டு முறையும் கூடுதல் ஏறத்தாழ 18 விழுக்காடு. விகிதம் மாறாமல் இருப்பதால், காணாமல் போன ஏதோ ஒரு கோப்பு காரணமாக இருக்க முடியாது. சுருக்கும் விதத்தில் வேறுபாடு இருக்க வேண்டும்.

ஜிஸிப்புக்கு 1 முதல் 9 வரை நிலைகள் உண்டு. உயர்ந்த நிலையில் மீள்வரும் சொற்றொடர்களை அது இன்னும் நெடுநேரம் தேடும். சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த நேரத்தைச் செலவிட விரும்பாமல் தாழ்ந்த நிலையில் சுருக்கும். என்ஜின்எக்ஸ் சர்வரில் எதையும் குறிப்பிடாவிட்டால் நிலை 1. நீங்கள் பயன்படுத்துவது என்ஜின்எக்ஸ் என்றால் அந்த வரியைப் பாருங்கள். அனலைசர் காட்டுவது உங்கள் சர்வர் அனுப்பிய அளவை அன்று. தன் கணினியில் தானே சுருக்கிப் பார்த்த அளவை.

கோப்புகளின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) சேர்த்திருப்பதால் அவை ஒருமுறை கட்டப்பட்டபின் மாறுவதில்லை. ஆகவே பில்ட் நேரத்திலேயே ப்ராட்லி நிலை 11-இல் சுருக்கி வைத்துவிட்டு, சர்வரை அதை அப்படியே எடுத்துக் கொடுக்கச் சொல்வது நல்லது. நிலை 11 மெதுவானது; ஆனால் ஒவ்வொரு பில்டுக்கும் ஒருமுறை மட்டும் அந்த நேரம் செலவாகும்.

இன்னொன்று. என்ஜின்எக்ஸில் ஜிஸிப்பை இயக்கிவிட்டு வகைகளைக் குறிப்பிட மறந்தால், அது எச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்கும்; ஜாவாஸ்கிரிப்ட் சுருங்காமல் போகும். உங்களுக்கு அது நேரவில்லை, ஏனெனில் 1.6 மெகாபைட் கோப்பு 520 கிலோபைட்டாக வந்திருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்கள் நெட்வொர்க் பகுதியில் வந்த அளவும் விரிந்த அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் ஒரு மாதம் பண்டிலைக் குறைத்தபின் இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தோம். அது தந்த பலன் அந்த மாத உழைப்பைவிட அதிகம்.

மார்ச் 18, காலை 7.15

மார்ச் 4 குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று. உங்களிடம் 23 சங்க்குகள் வந்ததைப் பார்த்து, இன்னும் சிறியதாகப் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அரிதாக மாறும் லைப்ரரிகளைத் தனிச் சங்க்கில் வைத்தால், உங்கள் நிரல் மாறும்போதும் உலாவியின் கேஷில் உள்ள அந்தக் கோப்பு செல்லுபடியாகும். திரும்பி வரும் பயனர்களுக்கு அது பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுவதால், கோப்புகள் சிறுத்துக்கொண்டே போனால் ஒன்றில் வந்த சொற்றொடரை மற்றொன்று பயன்படுத்திக்கொள்ள முடியாது, மொத்தம் கூடும். வெப்பேக் 5 தானாகப் பிரிக்கும்போது 20,000 பைட்டுக்குக் குறைவான துண்டுகளை உண்டாக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த எல்லையை நான் இதுவரை குறைத்ததில்லை.

கேட்டவர் · மார்ச் 19, பிற்பகல் 1.00

முன்கூட்டியே ப்ராட்லியில் சுருக்கினேன். முதல் பக்கம் இப்போது 114. இந்த எண் மறுபடி ஏறாமல் எப்படிக் காப்பது? வெப்பேக் தரும் 244 எச்சரிக்கையை நம்பலாமா? ஆவணத்தில் 250 என்றல்லவா இருக்கிறது?

மார்ச் 19, இரவு 10.10

இரண்டும் ஒரே எண். எல்லை 250,000 பைட். அதை 1024-ஆல் வகுத்தால் 244 வருகிறது. உங்கள் குழு கிலோபைட் என்று எழுதும்போது 1000-ஆ 1024-ஆ என்பதை ஒருமுறை முடிவு செய்துவிடுங்கள். இரு கருவிகளின் எண்களை ஒப்பிட்டு, இல்லாத வளர்ச்சியைத் தேடிய நாட்கள் எனக்கு உண்டு. மேலும் அந்த எச்சரிக்கை சுருக்காத அளவைப் பார்க்கிறது. வீட் (Vite) என்ற பில்ட் கருவி தரும் 500 கிலோபைட் எச்சரிக்கையும் அப்படித்தான். உங்கள் 114-ஐ அவற்றோடு ஒப்பிட முடியாது.

சைஸ் லிமிட் போன்ற ஒரு கருவியைச் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) சேர்த்து, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் முதல் பக்கத்தின் சங்க்குகளை மட்டும் ப்ராட்லியில் அளக்கச் சொல்லுங்கள். எல்லையை 120 என்று வையுங்கள். 150 என்று வைத்தால் 36 கிலோபைட் எவர் கண்ணிலும் படாமல் சேர்ந்துவிடும். எல்லையைத் தாண்டுவது சில நேரம் நியாயமாகவே இருக்கும். அப்போது எல்லையை உயர்த்தும் வரியும் அதே புல் ரிக்வெஸ்டில் இருக்கட்டும். எந்த இம்போர்ட்டுக்காக உயர்த்தினோம் என்பதைக் கமிட் செய்தியில் எழுதட்டும்.

சங்க்குகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 23 என்பது ஒருநாள் 1 ஆகிவிட்டால், டிஎஸ்கான்ஃபிக்கை மறுபடி யாரோ தொட்டிருக்கிறார்கள்.